ஏழு புள்ளிக்கும் பொதுவான டைனமோ

பள்ளத்தூரில் இஞ்ஞாசிமுத்து வீடு எது என்று கேட்டால், எந்த இஞ்ஞாசிமுத்து என்று திருப்பிக் கேட்பார்கள். மாதா கோயில் தெருவில் மட்டும் அந்தப் பெயரில் நாலு பேர் இருந்தார்கள். கார் டிரைவர் என்று சொல்லிவிட்டால் போதும், பெட்டிக்கடைக்காரர் சோடா உடைப்பதை நிறுத்திவிட்டு வாசலுக்கே வந்து வழி காட்டுவார். அந்தக் கார் ஓடி நின்று பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது என்பது வேறு விஷயம். கார் நின்றாலும் பட்டம் நிற்கவில்லை.

கார் முத்துக்கருப்பன் செட்டியார் வீட்டுக் கார். கருப்பு அம்பாசடர். இஞ்ஞாசிமுத்து இருபத்திரண்டு வயதில் அதன் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். மனுஷன் தங்கமானவர், ஆனால் கார்க் கதவை யாராவது ஓங்கிச் சாத்தினால் மட்டும் முகம் மாறிவிடும். ஒரு தடவை செட்டியாரே சாத்திவிட்டு, "தெரியாமச் சாத்திட்டேன்" என்று அரைகுறையாக மன்னிப்புக் கேட்டிருக்கிறார். கண்டரமாணிக்கத்துக் கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமைகளில் பின் சீட்டில் நாலு ஆச்சிமார், மடியில் தூக்குவாளி, முன் சீட்டில் கல்கண்டுப் பொட்டலத்தோடு ஏதாவது ஒரு குழந்தை. ஆச்சிமார் இறங்கிப் போனதும் அவருக்கென்று ஒரு வாழையிலையில் சீயமும் பணியாரமும் வந்துவிடும். வேப்பமரத்தடியில் காரைத் துடைத்துக்கொண்டே சாப்பிடுவார். அந்த வருஷங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்துவது கஷ்டம்.

எண்பத்து நாலில் செட்டியார் காலமானார். கார், கார்க் கொட்டகைக்குள் போனது. போனது போனதுதான். நகரத்தார் வழக்கில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. அந்த வீட்டில் ஏழு புள்ளிகளுக்குப் பாத்தியம். வீடு, வீட்டிலுள்ள அண்டா குண்டா, கொட்டகையிலுள்ள கார், எல்லாமே ஏழு பேருக்கும் பொது. ஒன்றை விற்கவேண்டுமென்றால் ஏழு பேரும் சம்மதிக்கவேண்டும். ஒரு புள்ளி சென்னையில், ஒரு புள்ளி கோயம்புத்தூரில், ஒரு புள்ளி மலேசியாவில். ஏழு பேரும் ஒன்றாகத் தலையாட்டிய காரியம் இதுவரை ஒன்றுதான், அது கார் இப்போதைக்கு இருக்கட்டும் என்பது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். கொட்டகையில் கிடந்த யானைக்கு வருஷா வருஷம் எலிதான் விலை பேசியது.

சம்பளம் நின்றுபோனாலும் கொட்டகைச் சாவி இஞ்ஞாசிமுத்துவிடமே இருந்தது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. ஆக்டிங் டிரைவராக ஊர் ஊராகப் போய்வந்தாலும், வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பழைய வேட்டித் துணியோடு போய்த் தூசி தட்டிவிட்டு வருவார். வீட்டில் தங்கியிருந்த ஒரே புள்ளியான சாலா ஆச்சி முகப்பிலிருந்தே, "வந்துட்டீகளா டிரைவர்?" என்று கேட்பார். ஆச்சிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரர் சென்னையில் வேலை பார்க்க, அத்தனை பெரிய வீட்டுக்கு விளக்கேற்றிக்கொண்டு தனியாக இருந்தார்.

இது இஞ்ஞாசிமுத்துவின் உலகம். அவர் மனைவி யூஜினியாவின் உலகம் ஆறு கிலோமீட்டர் தள்ளி நொச்சியேந்தலில் இருந்தது. அங்கே ஓட்டுக் கட்டடத்தில் ஒரு தொடக்கப்பள்ளி, ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர். பஸ் கிடையாது. பதினாறு வருஷமாக யூஜினியா லேடீஸ் சைக்கிளில் போய்வந்தாள். கண்மாய்க் கரை மேட்டில் இறங்கித் தள்ளாமல் மிதித்தே ஏறுகிற ஒரே பொம்பளை அவள்தான் என்று ஆடு மேய்க்கிறவர்கள் சொல்வார்கள். புருஷன் கார் டிரைவர், பெண்டாட்டி சைக்கிளிலா என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்தால், "அவுக ஓட்டுறது ஊரான் காரு, நான் ஓட்டுறது என் சைக்கிளு" என்று ஒரே போடாகப் போடுவாள்.

தொண்ணூற்றாறு பிப்ரவரியில், அந்தக் கண்மாய் மேட்டிலேயே மயங்கி விழுந்தாள். மதுரையில் பெரிய டாக்டர் பார்த்து, இருதயத்தில் வால்வு சரியில்லை என்றார். சின்ன வயதில் வந்த காய்ச்சல் செய்த வேலையாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டு வேலையை மெதுவாகச் செய்யலாம், பாடம் சொல்லிக் கொடுக்கலாம், நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் நல்லது. சைக்கிள் மட்டும் இனி மிதிக்கவே கூடாது. பள்ளியின் தாளாளரான மாதா கோயில் சாமியார் நல்லவர்தான். வீட்டுக்கே வந்து, "ஜூன் மூணாந்தேதி திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது. வர முடிஞ்சா வாங்கம்மா. முடியலைன்னா எழுதிக் குடுத்துருங்க, பிள்ளைகளுக்கு வேற டீச்சர் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு யூஜினியா அடுப்படியில் போய் மாவு சலிக்க உட்கார்ந்துவிட்டாள்.

இஞ்ஞாசிமுத்து யோசிக்காத வழியில்லை. தன் சைக்கிளில் பின்னால் வைத்துக்கொண்டு போகலாம் என்றார். அவள் கேட்டாள்: "உங்களுக்குக் கொடைக்கானல் சவாரி வந்தா நான் என்ன செய்ய? உங்க டூட்டியப் பாத்துக்கிட்டா பிள்ளைக உக்காந்திருக்கும்?" மொபெட் வாங்கலாம் என்றால் அதை ஸ்டார்ட் பண்ணவே பெடலை மிதிக்கவேண்டும், போதாததற்கு மதுரை ஆஸ்பத்திரி அவள் வளையல் இரண்டையும் ஏற்கெனவே முழுங்கியிருந்தது. தினமும் காரைக்குடியிலிருந்து ஆட்டோ வரவழைத்தால் அவள் சம்பளம் ஆட்டோக்காரனுக்குத்தான் போகும். சுற்றிச் சுற்றிச் சுப்பன் கொல்லைக்குள்ளேதான் என்று ஆயிற்று.

மார்ச் கடைசியில் ஒரு வாடகைக் காரின் டைனமோ பழுதாகி, காரைக்குடி செக்காலையில் மரிய ஜெரால்டு கடையில் காத்துக்கொண்டு நின்றார். ஜெரால்டு கார் எலெக்ட்ரீஷியன், வாயில் எந்நேரமும் ஒரு வயர்த் துண்டைக் கடித்துக்கொண்டிருப்பவர். டைனமோவைச் சரிசெய்து மேசைமேல் படுக்கப்போட்டு, பேட்டரியிலிருந்து இரண்டு வயரை எடுத்து வைத்தார். டைனமோ தானாக விர்ரென்று சுற்றியது. இஞ்ஞாசிமுத்து முப்பது வருஷமாக இதைப் பார்த்திருக்கிறார். அன்றைக்குத்தான் உறைத்தது.

"ஜெரால்டு, இது கரண்டு குடுக்கிற சாமான். கரண்டைக் குடுத்தா இதுவே சுத்துதே."

"டெஸ்ட் பண்றது அப்படித்தானண்ணே. ஏன் கேக்குறீக?"

"இதை சைக்கிள் டயர்ல உரசுற மாதிரி வச்சா சைக்கிள் போகுமா?"

ஜெரால்டு வயர்த் துண்டைத் துப்பிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, போகும் என்றார். மேடு ஏறுமா என்பது டைனமோவைப் பொறுத்தது, நல்ல டைனமோவாக இருக்கவேண்டும் என்றார். அவர் கடை மூலையில் கிடந்ததெல்லாம் கருகிப்போனவை. "நல்ல டைனமோவ எவண்ணே கழட்டிப் போடுவான்? இப்ப வர்ற காருக்கெல்லாம் ஆல்டர்னேட்டரு. அது இப்படிச் சுத்தாது."

நல்ல டைனமோ எங்கே இருக்கிறது என்று இஞ்ஞாசிமுத்துவுக்குத் தெரியும். செட்டியார் காலமாவதற்கு ஒரு மாதம் முன்புதான் புதுசு வாங்கி அவரே மாட்டியிருந்தார். முந்நூறு மைல்கூட ஓடாத டைனமோ. கொட்டகையில், பூட்டுக்குள், சாவி அவர் மடியில்.

வேறொருவராக இருந்தால் அன்று சாயங்காலமே கதை முடிந்திருக்கும். பன்னிரண்டு வருஷமாக எவரும் திறந்து பார்க்காத பானட். இவரோ வெள்ளிக்கிழமை வரை காத்திருந்து, குளித்து, சட்டை மாற்றி, சாலா ஆச்சியின் முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னார். ஆச்சி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு வெகுநேரம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தார்.

"டிரைவர், நான் ஏழுல ஒரு புள்ளி. நான் எடுத்துக்கங்கன்னு சொல்ல முடியாது. எடுக்காதீகன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. நீங்க கேட்டது என் காதுல விழுகலைன்னு வச்சுக்கங்க."

இது என்ன பதில்? இஞ்ஞாசிமுத்துவுக்குக் கோபம் வந்தது. ஆச்சி மேல் அல்ல, ஏழு என்ற எண்ணின் மேல். ஒரு வாரம் உள்ளுக்குள் புழுங்கினார். யூஜினியா காலையில் எழுந்து ஒன்பது மணி வரை அவசரப்பட ஒரு வேலையும் இல்லாமல் திண்டாடுவதைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஏப்ரல் பன்னிரண்டு வெள்ளிக்கிழமை காலையில் கொட்டகையைத் திறந்து, டைனமோவைக் கழற்றிக் கோணிப்பையில் போட்டார். இரண்டு அடி நடந்தவர் திரும்பி வந்தார். சட்டைப்பையிலிருந்த டைரியில் ஒரு தாளைக் கிழித்து, டிரிப் எழுதுகிற அதே கையெழுத்தில் எழுதினார்:

"12.4.96 வெள்ளி காலை 10.20. இந்த வண்டியின் டைனமோவை என் சொந்த உபயோகத்துக்குக் கழற்றியிருக்கிறேன். கேட்டால் திருப்பி மாட்டித் தரப்படும். இப்படிக்கு, இ. இஞ்ஞாசிமுத்து, டிரைவர்."

அந்தச் சீட்டை டைனமோ இருந்த இடத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, பானட்டைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார்.

அந்த ஏப்ரலும் மேயும் அவர்கள் வீட்டுக் கொல்லை ஒரு பட்டறையாக இருந்தது. ஊரெல்லாம் கோடை விடுமுறை, மாங்காய், மாதா வணக்க மாதத்து ஜெபமாலை. இங்கே வேப்பமர நிழலில் தலைகீழாக நிற்கும் லேடீஸ் சைக்கிள். யூஜினியா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள். முதல் வாரம் எது கேட்டாலும் திருப்புளியைக் கொடுத்தாள், மூன்றாவது வாரத்தில் அவர் கை நீட்டுமுன் சரியான ஸ்பேனர் வந்துவிடும். பின் சக்கரத்துக்கு மேலே கேரியரில் டைனமோ. அதன் நுனியில் செக்காலை லேத்துப் பட்டறையில் கடைந்த ஓர் இரும்பு உருளை, டயரை அழுத்திச் சுற்றுவதற்கு. டைனமோவை வேண்டும்போது தூக்கிவிட ஒரு கதவுக் கீல். பேட்டரி பழசு, ஜெரால்டு கடையில் மூன்று பேட்டரியைத் தட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அதை வைக்கக் கால் பக்கத்தில் ஒரு பலகைப் பெட்டி. அதற்கு மூடி போடுமுன்பே ஆசிட் பட்டு அவளுடைய நீலச் சேலையில் பொத்தல் விழுந்தது. "பிள்ளைகளுக்கு வேதியியல் மாற்றம்னு காட்டலாம்" என்றாள்.

முதன்முதலில் சுவிட்சைப் போட்டபோது சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. சக்கரம் பின்னால் போனால் பெடலும் பின்னால் சுற்றும் என்று முப்பது வருஷம் வண்டி ஓட்டியவருக்கு அந்த நிமிஷத்தில் தோன்றவில்லை. பெடல் முழங்காலுக்குக் கீழே ஓங்கி ஒரு அடி கொடுத்தது. அவர் நொண்டிக்கொண்டே கொல்லையைச் சுற்றி வர, யூஜினியா சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை. இன்னொரு தடவை அடி வாங்கினாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தார். பிறகு டைனமோவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிப் படுக்கவைத்ததும் சக்கரம் முன்னால் சுற்றியது.

அதற்குப் பிறகும் உருளை வழுக்கியது. பழைய டயரை வெட்டி உருளைக்குச் சுற்றினார். வயர் சூடேறியது. தடித்த வயர் போட்டார். சார்ஜ் ஏற்ற, ரேடியோ ரிப்பேர்க்காரரைப் பிடித்து ஒரு பிஸ்கட் டின்னுக்குள் சார்ஜர் செய்யவைத்தார். மே முப்பது வியாழக்கிழமை, தானே ஏறி உட்கார்ந்து நொச்சியேந்தல் வரை போய்த் திரும்பினார். பெடலைத் தொடவே இல்லை. காலால் தரையை ஓர் உந்து உந்தினால் போதும், அப்புறம் கிர்ர் என்ற சத்தத்தோடு வேகமாக நடப்பவனைத் தாண்டிப் போகிற வேகம். கண்மாய் மேட்டில் முக்கி முனகி ஏறிவிட்டது. அவள் அவரில் பாதி கனம், அவளுக்கு இன்னும் சுலபமாக ஏறும். வீட்டு வாசலில் இறங்கி, "முடிஞ்சது டீச்சர்" என்றார். அவள் ஹேண்டில்பாரில் அந்தோணியார் சுரூபத்தைக் கட்ட ஆரம்பித்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. கண் நிறைந்திருந்ததால் பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, செட்டியார் வீட்டில் படைப்பு. குடும்பத்தின் முன்னோருக்குத் துணியும் சோறும் படைத்துக் கும்பிடுகிற நாள். அதற்கு மட்டும் ஏழு புள்ளியும் எங்கிருந்தாலும் வந்துவிடுவார்கள். எப்போதும்போல இஞ்ஞாசிமுத்துவும் போய்ச் சாமான் இறக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தார். படைப்பைப் பொறுப்பாக நடத்தியவர் முத்தப்பன், செட்டியாரின் தம்பி மகன், சென்னையில் ஆடிட்டர். பொதுச் சாமானில் ஒரு கரண்டி குறைந்தால்கூட அவருக்குத் தொண்டையில் சோறு இறங்காது. சாப்பாடு முடிந்ததும் பாத்திர அறையை எண்ணினார், விளக்குகளை எண்ணினார், அதோடு விடாமல் கொட்டகைக்கும் போனார். உலக்கை போன இடம் தெரியாமல் ஊசி போன இடம் தேடுகிறவர் பானட்டைத் திறக்காமல் இருப்பாரா?

சீட்டைக் கையில் பிடித்தபடி நடுமுற்றத்து வளவுக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கப் படித்தார். சிலர் சிரித்தார்கள். "எடுக்கிறவன் சீட்டும் எழுதி வைப்பானா?" என்று கோயம்புத்தூர்ப் புள்ளி கேட்டார். முத்தப்பன் சிரிக்கவில்லை.

"யாரைக் கேட்டு எடுத்தீக டிரைவர்?"

இஞ்ஞாசிமுத்து தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "யாரையும் கேக்கலை தம்பி."

"இது ஏழு பேர் சொத்து. கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு என்ன? நீங்களே சொல்லுங்க."

முத்தப்பனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போய் அழைத்து வந்தவர் இவர். இவருக்குக் காது மடல் சிவந்தது. அவமானமாக இருந்தது. செத்துப்போகலாம் போல் இருந்தது. அப்போதுதான் பின்கட்டிலிருந்து சாலா ஆச்சி வந்தார்.

"அவுக பொய் சொல்றாக முத்தப்பன். என்னையக் கேட்டாக. ஒரு மணி நேரம் நின்னு கேட்டாக. நாந்தான் காதுல விழுகலைன்னுட்டேன். பேரு வைக்கணும்னா எனக்கு வைங்க."

முத்தப்பன் கொஞ்சம் தடுமாறினாலும் பிடியை விடவில்லை. ஒரு புள்ளி கேட்டதும் கேளாததும் ஒன்றுதான், ஏழு பேரும் சொல்லவேண்டும், மலேசியாக்காரர் இந்த வருஷம் வரவே இல்லை என்றார். இஞ்ஞாசிமுத்து மேற்கொண்டு பேச விடவில்லை. "கொண்டாந்து மாட்டிடுறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அரை மணி நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடவே யூஜினியா, மெதுவாக, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, ஸ்பேனர்ப் பையோடு. முகப்புக்கு எதிரே தெருவில் சைக்கிளை நிறுத்தி அவர் குந்தினார். அவர் கை நீட்டினார். அவள் ஸ்பேனரைக் கொடுத்தாள். முதல் போல்ட் கழன்றது.

முத்தப்பன் அதுவரை அது எதற்கு என்றே கேட்டிருக்கவில்லை. அவர் நினைத்தது விற்றிருப்பார் என்று. படியிறங்கி வந்து சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார், கதவுக் கீலைத் தொட்டுப் பார்த்தார்.

"இது ஓடுமா?"

"நேத்து நொச்சியேந்தல் போயிட்டு வந்தேன்."

"மிதிக்காமயா?"

"டீச்சர் மிதிக்கக் கூடாது தம்பி. நெஞ்சுல கோளாறு. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது" என்றவர், இரண்டாவது போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார்.

"அதை மறுபடி முடுக்குங்க" என்றார் முத்தப்பன். "ஒரு தரம் பாப்போம்."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடிட்டர் லேடீஸ் சைக்கிளில் ஏறினார். சுவிட்சைப் போட்டுக் காலால் உந்தினார். கிர்ர். தெருக்கோடி வரை போனார். வளைந்தார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் இருந்தது, ஏழாம் வகுப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து ஹாரனை அமுக்க அனுமதி கேட்ட முகம். அதை இஞ்ஞாசிமுத்து மட்டும்தான் அடையாளம் கண்டார். ஆனால் இறங்கியதும் மறுபடி ஆடிட்டர். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பொதுச் சொத்தை ஒருத்தர் மட்டும் தூக்கிக் குடுக்க முடியாது. நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணைக் கழட்டுவாக" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

"குடுக்கவேணாம்" என்றார் சாலா ஆச்சி, படியில் நின்றபடி. "கல்யாணம் காச்சின்னா ஊர்க்காரவுக வந்து நம்ம அண்டா, கொப்பரையெல்லாம் எடுத்துட்டுப் போறாக. ஏழு பேரையுமா கேக்குறோம்? இங்க இருக்கிற புள்ளி எடுத்துக் குடுக்கும். வேலை முடிஞ்சதும் வந்துரும். இது இரவல்."

"அது பாத்திரம் ஆச்சி. இது டைனமோ."

"பேரு வெட்டினா எல்லாம் பாத்திரந்தான்."

அந்த வீட்டுச் சாமான் ஒவ்வொன்றிலும் குடும்பத்தின் தலைப்பெழுத்து வெட்டியிருக்கும். பேர் இல்லாத சாமான் படி தாண்டாது. முத்தப்பன் மற்றவர்களைப் பார்த்தார். கோயம்புத்தூர்க்காரர் தலையாட்டினார். சமையல்காரரிடமிருந்து சுத்தியும், எங்கிருந்தோ ஓர் ஆணியும் வந்தன. முத்தப்பனே குந்தி, டைனமோவின் உடம்பில் புள்ளி புள்ளியாகத் தட்டினார்: மு.ராம. கடைசிப் புள்ளி கொஞ்சம் கோணிக்கொண்டது. "வருஷா வருஷம் படைப்புக்குக் கொண்டாந்து காட்டணும் டிரைவர். சாமான் எண்ணுறப்ப இதையும் எண்ணணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். "நீங்க கேட்டது சரிதான் தம்பி" என்றார் இவர். இருவரும் அதற்கு மேல் அதைப் பேசியதில்லை.

தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது: மூன்று படைப்புக்கு அந்த சைக்கிள் போய் வளவில் அண்டாக்களோடு அண்டாவாக நின்றது. முத்தப்பன் எண்ணி முடித்ததும் தெருக்கோடி வரை ஒரு தரம் ஓட்டிப் பார்ப்பார். பேட்டரி மட்டும் இரண்டு தடவை மாறியது. தொண்ணூற்றொன்பது டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, யூஜினியா தூக்கத்திலேயே போய்விட்டாள். அதற்கு முந்தின நாள்வரை பள்ளிக்கூடம் போனாள். அரைப்பரீட்சைத் தாள்களைத் திருத்திக் கட்டி வைத்திருந்தாள். நொச்சியேந்தல் பிள்ளைகள் ஆறு கிலோமீட்டரும் நடந்தே வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பொங்கல் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை இஞ்ஞாசிமுத்து கொட்டகையைத் திறந்து, டைனமோவைத் துடைத்து, இருந்த இடத்தில் மாட்டினார். யாரும் கேட்கவில்லை. இரவல் வாங்கின வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார். சாலா ஆச்சி மட்டும் முகப்பில் உட்கார்ந்து அழுதார்.

அவரிடம் அந்த சைக்கிளைப் பற்றி யாராவது கேட்டால் லேத்துப் பட்டறையைப் பற்றியும் கீலைப் பற்றியும் விவரமாகச் சொல்வார். ஆனால் தனியாக இருக்கும்போது அவருக்கு நினைவு வருவது அந்த ஜூன் மூணாந்தேதிதான்.

அன்று காலை அவள் எட்டு மணிக்கே கிளம்பிவிட்டாள். தன் சைக்கிளில் பின்னாலேயே வருகிறேன் என்று இவர் ஆயத்தமாக நின்றார். "பிள்ளைக சிரிக்கும். இருங்க பேசாம" என்று சொல்லிவிட்டுக் காலால் உந்தினாள். கிர்ர் என்று தெரு திரும்பிப் போய்விட்டது. வாழ்நாள் முழுக்க, யார் எங்கே போனாலும் வண்டியோடு போனவர் அவர். ஒரு வண்டி போவதை ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. சவாரிக்குக் கூப்பிட்ட ஆளைத் திருப்பி அனுப்பினார். மத்தியானம் சோற்றில் கை வைக்க முடியவில்லை. வால்வு, பேட்டரி, மேடு என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து, மூன்றரை மணிக்கே போய் ஊர் எல்லையில் புளியமரத்தடியில் நின்றுகொண்டார்.

நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. ஐந்தே காலுக்கு, வெயிலுக்குள் ஒரு நீலப் புள்ளி தெரிந்தது. பேட்டரி தீருகிற நிலையில், நடக்கிற வேகத்தில்தான் வந்தாள். கால் இரண்டும் பெடலில் சும்மா இருந்தன. புளியமரத்துக்கு வந்ததும் வண்டி தானாகவே நின்றது. அவள் இறங்கினாள். அவர் முதலில் அவள் உதட்டைப் பார்த்தார், நீலம் பாய்ந்திருக்கிறதா என்று. இல்லை. நெற்றியில் சாக்பீஸ் பொடி இருந்தது.

"மூச்சு வாங்குதா?"

"இல்லை." பையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீங்க தள்ளிக்கிட்டு வாங்க. போனதும் சார்ஜ்ல போட்டுருங்க, விடிய விடிய ஏறட்டும். நாளைக்கும் போகணும்."

மயங்கி விழுந்த நாளிலிருந்து நாலு மாதமாக நாளைக்கு என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. நாளைக்கு என்ன குழம்பு என்றுகூடச் சொல்லவில்லை. அது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் முன்னால் நடந்தாள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார், தோள் துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, வீடு வந்து சேரும்வரை.